குருத்தெலும்பு

மன்னார் வளைகுடாவின் கரையில் அமைந்த தூத்துக்குடி, முத்துக்கும் சங்குக்கும் உப்புக்கும் பெயர்பெற்ற துறைமுக நகரம். அதன் அருகேயுள்ள கொற்கை, பாண்டியரின் துறைமுகமாக விளங்கிய பழங்காலந்தொட்டே இக்கரை மக்கள் தம் உடலுழைப்பை நம்பி வாழ்ந்து வந்துள்ளனர். ஒருவர் கடலின் அடிவரை மூழ்கிச் சிப்பி எடுத்தார். மற்றொருவர் துறைமுகத்தில் மூட்டை சுமந்தார். வேறொருவர் உப்பளத்தில் வெயிலைப் பொருட்படுத்தாது உப்பு வாரினார். இவர்களுடைய உழைப்பைப் பற்றிப் பேசும்போது நாம் தசையின் வலிமையையும் எலும்பின் உறுதியையும் புகழ்கின்றோம். ஆயின், எலும்போடு எலும்பு உரசாமலும், மார்பு விரிந்து சுருங்குமாறும், மூச்சு செல்லும் வழி அடைபடாமலும் காத்து நிற்கும் மற்றொரு பொருளை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அதுவே குருத்தெலும்பு.

பெயரின் பொருத்தத்தை முதலில் நோக்குவோம். தூத்துக்குடி வட்டாரத்துச் செம்மண் தேரிகளில் பனை மரங்கள் மிகுதி. பனையின் உச்சியில் விரியாமல் நிற்கும் இளவோலையைக் குருத்து என்பர். அது வெண்மையானது; மென்மையானது; வளைத்தால் வளையும். நாள் செல்லச் செல்ல அதுவே பசுமையேறி, முற்றி, உரமான ஓலையாகிறது. மனித உடலிலும் இதையொத்த மாறுதல் நிகழ்கிறது. தாயின் வயிற்றில் வளரும் கருவில் கை கால் எலும்புகளின் வடிவம் முதலில் குருத்தெலும்பாகவே அமைகிறது. பின்னர் அக்குருத்தெலும்பு சிறிது சிறிதாக நீங்க, அவ்விடத்தில் சுண்ணாம்புச் சத்து நிறைந்த எலும்பு தோன்றுகிறது.

மாணவர்களே! உங்கள் உடலில் இம்மாறுதல் இன்னும் முடியவில்லை. நீண்ட எலும்புகள் ஒவ்வொன்றின் முனைக்கு அருகிலும் மெல்லிய தகடு போன்ற குருத்தெலும்பு உள்ளது. அது ஒரு புறம் புதிதாக வளர, மறு புறம் எலும்பாக மாறுகிறது. நீங்கள் ஆண்டுதோறும் உயர்வது இதனாலேயாம். ஏறத்தாழ இருபது வயதிற்குள் இத்தகடுகள் முற்றும் எலும்பாகிவிடும். அதன் பின்னர் மனிதன் உயர்வதில்லை. இளமையில் நல்ல உணவு வேண்டும் என்று பெரியோர் வற்புறுத்துவதற்கு இஃது ஒரு காரணம். வளரும் தகடு அருகிலுள்ள எலும்பைவிட வலிமை குறைந்தது. அதில் கடுமையான அடிபட்டால் கை கால்கள் கோணலாகவோ குட்டையாகவோ வளரக்கூடும்.

குருத்தெலும்பின் அமைப்பு வியப்பிற்குரியது. அதனுள் சிறு சிறு அறைகள் உண்டு. ஒவ்வோர் அறையிலும் ஓர் உயிரணுவோ, சில உயிரணுக்களோ தங்கியிருக்கும். அவை தம்மைச் சூழ ஒரு கூழ்ப்பொருளைச் சுரக்கின்றன. அக்கூழில் நுண்ணிய புரத இழைகள் வலைபோல் பின்னிக் கிடக்கின்றன. இழைகள் உறுதியைத் தருகின்றன. கூழ் நீரை ஈர்த்துப் பிடித்துக்கொள்கிறது. மூட்டுகளில் உள்ள குருத்தெலும்பின் எடையில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு நீரே ஆகும். இவ்வளவு நீர் கொண்ட பொருள் மனிதனின் முழுப் பாரத்தையும் தாங்குகிறது!

குருத்தெலும்பினுள் குருதிக் குழாய்கள் இல்லை, நரம்புகளும் இல்லை. உடலின் பிற பகுதிகளுக்கு உணவையும் உயிர்க்காற்றையும் குருதி கொண்டு சேர்க்கிறது. குருத்தெலும்பின் உயிரணுக்களோ, சுற்றிலுமிருந்து ஊறி வரும் நீர்மத்தையே நம்பி வாழ்கின்றன. இந்த ஓர் உண்மையை நினைவிற் கொள்ளுங்கள். குருத்தெலும்பின் நன்மை தீமைகள் பலவும் இதிலிருந்தே பிறக்கின்றன.

குருத்தெலும்பு மூன்று வகைப்படும். மூட்டுகளின் முனையிலும், விலா எலும்புகளின் முன்முனையிலும், மூச்சுக்குழலிலும் இருப்பது பளிங்கு போல் தெளிந்த வகை. காது மடலில் இருப்பது மடக்கினாலும் உடனே நிமிரும் மீள்தன்மை மிக்க வகை. முதுகெலும்புக் கண்ணிகளுக்கு இடையேயுள்ள வட்டுகளிலும், முழங்கால் மூட்டினுள் பிறை வடிவில் உள்ள இரு துண்டுகளிலும் இருப்பது இழைகள் செறிந்த நார் வகை. வளைதல், மீளுதல், தாங்குதல் என்னும் மூன்று பணிகளையும் இவை பகிர்ந்து செய்கின்றன. அப்பணிகளின் அருமையைத் தூத்துக்குடி மக்களின் தொழில்களைக் கொண்டே அறியலாம்.

பண்டு முத்துக்குளித்தவர்கள் கடலில் பத்து மீட்டரும் அதற்கு மேலும் ஆழத்திலிருந்த சிப்பிப் பார்களை நாடிச் சென்றனர். கயிற்றில் கட்டிய கல்லின் மேல் காலை வைத்து, ஒரே மூச்சை அடக்கிக்கொண்டு, கடலின் அடிக்கு விரைந்து இறங்கினர். ஏறத்தாழ ஒரு நிமிடத்திற்குள் கைக்கு எட்டிய சிப்பிகளை வலைப்பையில் வாரிப்போட்டுக்கொண்டு, தோணியில் கயிற்றைப் பற்றியிருந்த துணைவரின் உதவியால் மேலே வந்தனர். பத்து மீட்டர் ஆழத்தில் நீரின் அழுத்தமும் காற்றின் அழுத்தமும் சேர்ந்து, கரையில் உள்ளதைப் போல் இரு மடங்காகின்றன. ஆகவே, நுரையீரலில் அடக்கிய காற்று அங்கே பாதி அளவாகச் சுருங்குகிறது. இருபது மீட்டரில் மூன்றில் ஒரு பங்காகிறது. நுரையீரல் சுருங்கும்போது மார்புக்கூடும் அதற்கேற்ப ஒடுங்க வேண்டும் அன்றோ?

நம் விலா எலும்புகள் பன்னிரண்டு இணை. அவற்றுள் மேலுள்ள ஏழு இணைகள் தத்தம் குருத்தெலும்பால் நெஞ்செலும்போடு சேர்கின்றன. அடுத்த மூன்று இணைகள் தமக்கு மேலுள்ள குருத்தெலும்போடு இணைகின்றன. விலாக்கள் நேரே நெஞ்செலும்போடு எலும்பாகவே ஒட்டியிருந்தால் மார்புக்கூடு ஒரு மரப்பெட்டி போல் விறைத்து நிற்கும். குருத்தெலும்பு வளைந்து கொடுப்பதனாலேயே மூழ்குபவரின் மார்பு ஒடுங்குகிறது; மேலே வந்ததும் முன்போல் விரிகிறது. கரையில் இருக்கும் நாமும் ஒவ்வொரு மூச்சிலும் இந்நன்மையைப் பெறுகின்றோம். முதுமையில் விலாக் குருத்தெலும்பில் சுண்ணாம்பு படிவதனால் மார்பின் நெகிழ்ச்சி குறைகிறது.

மூச்சுக்குழலில் பதினாறு முதல் இருபது வரையிலான குருத்தெலும்பு வளையங்கள் உள்ளன. அவை முழு வட்டமாக இல்லாமல், பின்புறம் திறந்த இலாடம் போன்றவை. மூச்சை உள்ளிழுக்கும்போது குழல் ஒட்டிக்கொள்ளாதபடி அவை தாங்குகின்றன. பின்புறம் திறந்திருப்பதனால், அங்கே ஒட்டிச் செல்லும் உணவுக்குழல் கவளம் இறங்கும்போது விரிவதற்கு இடம் கிடைக்கிறது. கழுத்தின் முன்புறத்தை விரலால் மெல்லத் தடவிப் பாருங்கள், இவ்வளையங்கள் தட்டுப்படும்.

மூழ்குபவரின் காதிலும் குருத்தெலும்புக்குப் பணி உண்டு. நடுச்செவியிலிருந்து தொண்டைக்கு ஒரு சிறு குழல் செல்கிறது. அதன் தொண்டைப் பக்கத்துப் பகுதி குருத்தெலும்பால் ஆனது. அது வழக்கமாக மூடியே இருந்து, எச்சிலை விழுங்கும்போது திறக்கும். மூழ்குபவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு காற்றை உந்தினாலும் திறக்கும். அவ்வாறு திறந்து, செவிப்பறையின் இருபுறமும் அழுத்தம் சமமாகாவிட்டால் வலி உண்டாகும். செவிப்பறை கிழியவும் கூடும். சளி பிடித்திருக்கும்போது ஆழமான நீரில் மூழ்கலாகாது என்பதன் காரணம் இதுவே. அரசு நடத்திய முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. ஆயினும் சங்கு குளிப்போர் இக்கடலில் இன்றும் மூழ்குகின்றனர். ஆதலின் இவ்வறிவு இன்றும் தேவைப்படுகிறது.

செவியின் புறத்தே ஒரு வேடிக்கையைக் காண்போம். தென் மாவட்டங்களில் முதிய பெண்டிர் பலர் பாம்படம் என்னும் கனத்த பொன்னணியை அணிந்தனர். அவர்களுடைய காதின் கீழ்ப்பகுதி தோளை நோக்கித் தொங்கும் அளவிற்கு நீண்டிருந்தது. காதின் மேற்பகுதி ஏன் அவ்வாறு நீளவில்லை? மேல் மடலில் குருத்தெலும்பு உள்ளது; கீழ் நுனியில் அது இல்லை. கீழ் நுனி தோலும் கொழுப்பும் மட்டுமே ஆனதால் நீண்டது. அன்றியும், கீழ் நுனியில் குருதியோட்டம் மிகுதி. துளையிட்ட புண் விரைவில் ஆறும். இக்காலத்தில் அழகுக்காக மேல் மடலிலும் துளையிட்டுக் கொள்கின்றனர். குருதிக் குழாய் இல்லாத குருத்தெலும்பில் நோய்க்கிருமி புகுந்தால் புண் எளிதில் ஆறாது. மடலே சுருங்கிப்போகவும் கூடும்.

இனித் துறைமுகத்திற்கு வருவோம். பொறிகள் மிகுதியாக வருவதற்கு முன்னர், கப்பலில் ஏறிய பொருள்களிலும் இறங்கிய பொருள்களிலும் பெரும்பகுதி மனிதரின் தலையிலும் முதுகிலும் சென்றது. சுமை தூக்குபவரின் முழங்காலில் தொடையெலும்பும் கணைக்கால் எலும்பும் சந்திக்கும் இடத்தில் சில மில்லிமீட்டர் கனமுள்ள குருத்தெலும்புப் படலமே இருக்கிறது. பாரம் ஏறும்போது, அழுத்திய பஞ்சிலிருந்து நீர் கசிவது போல் அதிலிருந்து நீர்மம் கசிகிறது. பாரம் இறங்கியதும் நீர்மத்தை மீண்டும் உறிஞ்சிக்கொள்கிறது. இவ்வாறு அமுங்கி எழும்போதே அதன் உயிரணுக்களுக்கு உணவும் கிடைக்கிறது. ஆகவே, நடையும் விளையாட்டும் குருத்தெலும்புக்கு உணவூட்டும் செயல்கள். அசையாதிருந்தால் அது மெலிகிறது. ஓய்வின்றி மிகுந்த பாரம் ஏற்றினால் தேய்கிறது.

முதுகெலும்பின் வட்டுகளும் இவ்வாறே பகலில் அமுங்கி, இரவில் படுத்திருக்கும்போது நீரை ஏற்று விரிகின்றன. காலையில் எழுந்தவுடன் உங்கள் உயரத்தை அளந்து, மாலையிலும் அளந்து பாருங்கள். காலையில் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் மிகுதியாக இருக்கக் காண்பீர்கள்.

குருத்தெலும்பில் நரம்பு இல்லாமையால் அது தேயத் தொடங்கும்போது பலருக்கு வலி தெரிவதில்லை. தேய்மானம் மூட்டைச் சூழ்ந்த படலத்தையும் அடியிலுள்ள எலும்பையும் தாக்கும்போதே வலி மிகுகிறது. அதற்குள் காலம் கடந்துவிடுகிறது. எலும்பு முறிந்தால் கூடும். தோல் கிழிந்தால் ஆறும். மூட்டின் குருத்தெலும்போ அழிந்தால் முன்போல் வளர்வதில்லை. இவ்வுண்மையை வில்லியம் ஹண்டர் என்னும் மருத்துவர் 1743-ஆம் ஆண்டிலேயே இலண்டனில் எழுதினார். 1994-ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு மருத்துவர்கள், நோயாளியின் குருத்தெலும்பு உயிரணுக்களையே எடுத்து வெளியே வளர்த்து, முழங்காலில் மீண்டும் வைத்த முறையை வெளியிட்டனர். முற்றும் தேய்ந்த மூட்டுக்கு உலோகத்தாலும் நெகிழியாலும் ஆன செயற்கை மூட்டு பொருத்துகின்றனர். இவை பெரும் பயன் தருவனவே. எனினும், இயற்கை தந்ததற்கு முழுதும் ஈடான குருத்தெலும்பை மனிதன் இன்னும் ஆக்கவில்லை.

இவ்விடத்தில் ஒரு தவறான நம்பிக்கையையும் களைய வேண்டும். சுறாவும் திருக்கையும் உடல் முழுவதும் குருத்தெலும்பையே உடையவை. சுறாவுக்குப் புற்றுநோய் வாராது என்றும், அதன் குருத்தெலும்புப் பொடி அந்நோயைத் தீர்க்கும் என்றும் கூறி மேல்நாடுகளில் பலர் வாணிகம் செய்தனர். ஆயின், சுறாக்களிலும் புற்றுக் கட்டிகள் கண்டறியப்பட்டுள்ளன. நுரையீரல் புற்றுநோயாளிகளுக்குச் சுறாக் குருத்தெலும்பின் சாற்றைக் கொடுத்து ஆராய்ந்தவர்கள், அதனால் அவர்களுடைய வாழ்நாள் நீளவில்லை என்று 2010-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். ஆராய்ந்து தெளியாத மருந்தை நம்பி உரிய மருத்துவத்தைக் கைவிடுவது உயிருக்கே கேடாகும்.

இருக்கும் குருத்தெலும்பைக் காப்பதே அறிவுடைமை. கனமான பொருளைத் தூக்கும்போது முதுகை வளைக்காமல், முழங்காலை மடக்கி, பொருளை உடலோடு அணைத்துத் தூக்க வேண்டும். நாள்தோறும் நடத்தலும் நீந்துதலும் நல்லன. உடல் எடை அளவிற்கு மிகாமல் காத்தால் முழங்காலின் பாரம் குறையும். விளையாட்டில் முழங்கால் வீங்கினால் அதைப் பொருட்படுத்தாமல் மீண்டும் ஆடுதல் கூடாது.

தம்மைத் தாமே காத்தல் மட்டும் போதாது. உழைப்போரைச் சமுதாயமும் காத்தல் வேண்டும். வயது வந்த ஆண் தொழிலாளி ஒருவர் கையால் சுமக்கும் பாரம் 55 கிலோகிராமுக்கு மேற்பட்டால், அதனை விரைவில் குறைக்க வேண்டும் என்று 1967-ஆம் ஆண்டில் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு பரிந்துரைத்தது. பாரந்தூக்கிப் பொறிகள் நிறைந்த இக்காலத்திலும் மூட்டை சுமப்போர் நம்மிடையே உள்ளனர். அவர்களுடைய முழங்காலில் ஒரு முறை தேய்ந்தது மீண்டும் வளராது என்பதை அறிந்த பின்னர், மூட்டையின் எடையைக் குறைப்பதும், இடையிடையே ஓய்வு தருவதும் இரக்கத்தால் செய்யும் உதவிகள் அல்ல, நம் கடமைகள் என்பதை உணர்தல் வேண்டும்.