கடல் தாண்டும் சைக்கிள்

"மடிக்கிற சைக்கிளா? அது சின்னப் பசங்க ஓட்டுறதாச்சே!" என்று சிரிக்கும் நண்பர்களே, உங்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்க்கும் எங்கள் ஊர் அண்ணன் ஒருவர், அவரும் நம்ம மாதிரி டிப்ளமோதான், ஒரு நாள் போனில் பிடித்துக்கொண்டார். "தம்பி, ஆறு மாசம் மிச்சம் பிடிச்ச காசு. ஒரு மடிப்பு சைக்கிள் வாங்கி, லீவுல ஜப்பான் போய் ஓட்டணும். எதை வாங்கட்டும்? கணக்குப் போட்டுச் சொல்லு. தப்பாச் சொன்னே, அடுத்த லீவு அடுத்த வருஷம்தான்!"

அவர் போக நினைத்தது ஷிமானாமி கைடோ. ஒனோமிச்சியிலிருந்து தீவு தீவாகப் பாலம் ஏறி இமபாரி வரை சுமார் 70 கி.மீ. சைக்கிள் பாதை. அது மட்டும்தான் என்றால் வண்டியே வாங்க வேண்டாம், அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும். அண்ணனோ, அதைத் தாண்டி ஷிகோகு தீவின் மலைக் கிராமங்களுக்கும் போகணும் என்றார். அங்கேதான் கணக்கு மாறியது.

முதலில் வேகம். சின்னச் சக்கரம் என்றால் மெதுவாகத்தான் போகும் என்பது நம் எல்லோருக்கும் உள்ள நினைப்பு. நம்ம ஊர் 28 அங்குல வண்டியின் சக்கரச் சுற்றளவு சுமார் 2.23 மீட்டர். முன்னால் 44 பல், பின்னால் 18 பல் என்றால், பெடல் ஒரு சுற்றுக்கு 2.23 × 44 ÷ 18, அதாவது 5.45 மீட்டர் போகும். 20 அங்குல மடிப்பு வண்டியின் சுற்றளவு சுமார் 1.53 மீட்டர்தான். ஆனால் முன்னால் 50, பின்னால் 14 போட்டுப் பாருங்கள். 5.46 மீட்டர், கிட்டத்தட்ட அதே தூரம்! வேகத்தைத் தீர்மானிப்பது சக்கரம் மட்டுமில்லை, பல்லும்தான். ஆனால் பள்ளம் மேட்டில் சின்னச் சக்கரம் அதிகம் உதறும், அதை மறைக்க முடியாது.

அடுத்தது அளவு. சிங்கப்பூர் எம்.ஆர்.டி. ரயிலில் மடித்த சைக்கிள் 120 × 70 × 40 செ.மீ.க்குள் இருந்தால் ஏற்றலாம். ஜப்பான் ஜே.ஆர். ரயிலில் முழுக்கப் பையால் மூடி, நீளம், அகலம், உயரம் மூன்றும் கூட்டி 250 செ.மீ.க்குள் இருந்தால் போதும். ஆக, ரயில் பிரச்சினை இல்லை. இடிப்பது விமானம்தான். பல நிறுவனங்களின் சாதாரண வகுப்பில் ஒரு பெட்டிக்கு மூன்றும் கூட்டி 158 செ.மீ., எடை 23 கிலோ. சில நிறுவனங்கள் விளையாட்டுச் சாமான் என்று அளவில் விட்டுக்கொடுக்கும். டிக்கெட் எடுக்கும் முன்பே கேட்டுவிட வேண்டும்.

லண்டனில் தயாராகும் வழக்கமான பிராம்டன் வண்டிக்கு 16 அங்குலச் சக்கரம். மடித்தால் கூட்டுத்தொகை சுமார் 150. அப்படியே பெட்டிக்குள் போய்விடும். 20 அங்குல வண்டிகளோ மடித்த பிறகும் ஏறத்தாழ 80 × 65 × 35 வரும். கூட்டினால் 180. கழற்றாமல் ஆகாது.

அப்படியானால் பிராம்டன்தானே? நானும் அப்படித்தான் சொல்ல வாயெடுத்தேன். டயர் ஞாபகம் வந்தது.

இதில் நான் சூடு பட்டவன். தங்கையின் வண்டிக்கு "20 அங்குலம்" என்று கேட்டு டயர் வாங்கிவந்து, மதியம் முழுக்க நெம்பியும் ஏறவில்லை. காரணம், 20 அங்குலம் என்ற ஒரே பெயரில் 406, 451 மி.மீ. என இரண்டு ரிம் உண்டு. டயரின் விளிம்பு உட்காரும் விட்டம்தான் அந்த எண், டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும். 16 அங்குலத்திலும் அதே கூத்து: குழந்தைகள் வண்டிக்கு 305, பிராம்டனுக்கு 349. இவற்றில் 406 டயர்தான் உலகெங்கும் பி.எம்.எக்ஸ்., சிறுவர் வண்டிகளில் புழங்குகிறது. மலைக் கிராமத்தில் டயர் கிழிந்தால் 349-க்கு எங்கே போவது? நகரமும் ரயிலும் மட்டும் என்றால் 16 அங்குலம், ஊரைத் தாண்டினால் 406. இதுதான் என் தீர்ப்பு.

கடைசியாகக் கீல். சாதாரண சைக்கிளில் முக்கோணச் சட்டம் பாரத்தைப் பகிர்ந்துகொள்ளும். மடிப்பு வண்டியில் பெரும்பாலும் ஒரே குழாய், அதன் நடுவில் கீல். ஆளும் மூட்டையும் 85 கிலோ, அதாவது 834 நியூட்டன். இரு சக்கர மையங்களுக்கும் இடையே 1 மீட்டர். பாரம் நடுவில் என்று வைத்து WL/4 போட்டால் சுமார் 208 நியூட்டன் மீட்டர் வளைவுத் திருப்புமை. நம்ம ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் பேப்பரில் வந்த அதே கணக்கு! குழியில் விழுந்தால் இன்னும் கூடும். ஆகவே வாங்கும்போது முன் பிரேக்கை அழுத்திப் பிடித்து வண்டியை முன்னும் பின்னும் ஆட்டிப் பார்க்கணும். கீலில் 'டக்' என்றால் அந்த வண்டி வேண்டாம். சட்டம் இரும்பாக இருந்தால் நல்லது. எடை கூடினாலும், விரிசல் விட்டால் வழியில் ஒரு வெல்டிங் பட்டறையில் ஒட்டிக்கொள்ளலாம். அலுமினியத்தை ஒட்டினால் ஒட்டிய இடத்தில் பலம் குறையும்.

அமெரிக்காவின் யூஜீன் நகரில் தயாராகும் பைக் ஃபிரைடே இதற்கென்றே வந்த 406 வண்டி. சூட்கேஸில் அடங்கும், அந்தச் சூட்கேஸையே சக்கரம் மாட்டிப் பின்னால் இழுத்துப் போகலாம். ஆனால் அண்ணனின் பட்ஜெட் இடித்தது. "சாதாரண 20 அங்குல இரும்பு வண்டி பாருங்க. முன் சக்கரம், பெடல், சீட் தண்டு கழற்றி, கடையிலேயே டேப் வைத்து அளங்க" என்றேன்.

மூன்றாவது கடையிலிருந்து போன் வந்தது. "தம்பி, 161 வருதே!"

"ஹேண்டில் தண்டையும் கழற்றுங்கண்ணே."

"இப்ப 154. மிச்சம் நாலு செ.மீ. அட்டைப் பெட்டிக்குப் போதுமா?"

அட்டை அரை செ.மீ. தடிமன், ஒவ்வொரு அளவுக்கும் இரண்டு பக்கம், மூன்று அளவுக்கும் சேர்த்து மூன்று செ.மீ. மொத்தம் 157. வாங்கச் சொல்லிவிட்டேன்.