ஔஷதகிரியும் ஒற்றைக்குல எதிர்ப்பொருளும்

கடலூருக்கு மேற்கே, கெடில நதியின் கரையில், திருவந்திபுரம் என்னும் திருத்தலம் அமைந்துள்ளது. ஆங்குத் தேவநாதப் பெருமாள் கோயிலை அடுத்து ஒரு சிறு குன்றம் உண்டு. ஔஷதகிரி என்பது அதன் பெயர். அனுமன் சஞ்சீவி மலையைச் சுமந்து சென்றகாலை அதனின்றும் வீழ்ந்த துண்டமே இக்குன்றம் என்று தலவரலாறு கூறும். அக்கதையில் வரும் செய்தியொன்று மருத்துவம் பயில்வார்க்கும் பயன்படுவது. அனுமனுக்கு வேண்டியன சில மூலிகைகளே. அவற்றைப் பிரித்தறிய இயலாமையால் அவன் மலை முழுவதையும் பெயர்த்துக்கொண்டு போனான்.

மருத்துவ உலகமும் சில நோய்களுக்கு நெடுங்காலம் இவ்வாறே மலையைச் சுமந்துவந்தது. பின்னர் வேண்டிய மூலிகை ஒன்றையே தேர்ந்தெடுக்கும் வன்மை அதற்கு வாய்த்தது. அவ்வன்மை எத்தகையது, அதனால் விளையும் நன்மையோடு தீமையும் உண்டோ என்பதை மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்னும் நோயைச் சான்றாகக் கொண்டு ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

முதற்கண் நோயின் இயல்பை அறிதல் வேண்டும். நம் உடலின் நரம்பிழைகள் மயலின் என்னும் கொழுப்புறையால் மூடப்பட்டுள்ளன. மின்கம்பியின்மீது ரப்பர் உறை இருத்தல் போன்றது இது. உடலைக் காக்கவேண்டிய வெள்ளணுக்கள் சிலரிடத்து நெறி பிறழ்ந்து, மூளையிலும் தண்டுவடத்திலும் கண் நரம்பிலும் இவ்வுறையைத் தாக்கி அரிக்கின்றன. அரித்த இடங்கள் தழும்பேறிக் கடினமாகின்றன. பாரிஸ் நகரத்து மருத்துவப் பேராசிரியர் ஷார்க்கோ என்பார் 1868-ல் இந்நோயைத் தெளிவுற வகுத்துரைத்தார். பெரும்பாலும் இருபதுக்கும் நாற்பதுக்கும் இடைப்பட்ட வயதினரையே இது பற்றுகின்றது. ஆடவரினும் பெண்டிரையே மிகுதியும் பற்றுகின்றது. ஒரு கண்ணிற் பார்வை மங்குதல், கால் மரத்தல், நடை தள்ளாடுதல் ஆகியன தோன்றிச் சில வாரங்களில் தாமே தணியும். பின்னர் மீண்டும் வரும். மாணவ நண்பர்களே, இது நும் வயதினரைத் தேடி வரும் நோய் என்பதை மறவாதீர். இந்தியாவில் இஃது அரிதென்றே முன்னர்க் கருதினர். எம்.ஆர்.ஐ. கருவிகள் பெருகிய பின்னர், நினைத்த அளவு அரிதன்று என்பது புலனாயிற்று.

நெறி பிறழ்ந்த வெள்ளணுக்களை அடக்குதற்கு முன்னாளில் வழங்கிய மருந்துகளுள் பல, நல்லணு தீயணு என்னும் வேறுபாடின்றி அனைத்தையும் ஒடுக்கின. மலையைப் பெயர்த்த கதை இதுவே. 1975-ல் கேம்பிரிட்ஜ் நகரில் மில்ஸ்டைன், கோலர் என்னும் இருவர் ஒரு புதுவழி கண்டனர். எதிர்ப்பொருளைச் சுரக்கும் எலியின் அணு ஒன்றையும், ஓயாது பெருகும் புற்றணு ஒன்றையும் இணைத்து, ஒரே வகை எதிர்ப்பொருளை இடையறாது சுரக்கும் அணுக்குலத்தை உண்டாக்கினர். ஒரு குலத்தினின்றும் தோன்றி ஒரே இலக்கைப் பற்றுவதால் அப்பொருள் மானோகுளோனல் ஆன்டிபாடி எனப் பெயர் பெற்றது. தமிழில் ஒற்றைக்குல எதிர்ப்பொருள் என்போம். 1984-ல் அவ்விருவர்க்கும் ஜெர்னே என்பாரோடு நோபெல் பரிசு வழங்கப்பெற்றது. இம்மருந்துகளின் பெயர்கள் பெரும்பாலும் 'மாப்' என்று முடிவதும் இக்காரணம் பற்றியே.

இலக்கு ஒன்றே எனின் அபாயமும் இராதன்றோ என்று ஒருவர் வினவக்கூடும். அவ்வினாவிற்கு விடை நடாலிசுமாப் என்னும் மருந்தின் வரலாற்றில் உள்ளது. வெள்ளணுக்கள் இரத்தத்தினின்று மூளைக்குட் புகுதற்கு உதவும் ஒரு பிடிப்பை இம்மருந்து மறைத்துவிடுகின்றது. கோட்டை வாயிலைத் தாழிடுதல் போன்றது இச்செயல். 2004 நவம்பரில் அமெரிக்க அரசு இதற்கு இசைவளித்தது. மூன்று திங்களே கழிந்தன. 2005 பிப்ரவரியில் இம்மருந்தின் விற்பனை நிறுத்தப்பட்டது. ஏனெனில், ஆராய்ச்சியிற் சேர்ந்திருந்தாருள் சிலர்க்குப் பி.எம்.எல். என்னும் கொடிய மூளை நோய் கண்டது, உயிரிழப்பும் நேர்ந்தது.

அஃது எங்ஙனம் நேர்ந்தது? ஜே.சி. வைரஸ் என்னும் கிருமி வளர்ந்தாருட் பெரும்பாலாரிடம் தீங்கின்றி உறைந்து கிடக்கின்றது. மூளையைச் சுற்றிவரும் காவலணுக்களே அதனை அடக்கி வைத்திருப்பன. வாயிலைத் தாழிட்டபோது பகைவரோடு காவலரும் புறத்தே நின்றுவிட்டனர். ஆகவே, மருந்து குறி தவறியதால் வந்த கேடன்று இது. குறியிற் செவ்வனே தைத்ததால் வந்த கேடு. இவ்வகை மருந்துகளின் நன்மையும் தீமையும் ஒரே வேரினின்று முளைப்பன என்பதே நாம் இங்கு வற்புறுத்த விரும்பும் உண்மை.

எனினும் அம்மருந்து கைவிடப்படவில்லை. கண்காணிப்பு விதிகளோடு 2006 ஜூனில் மீண்டும் வழங்கப்பெற்றது. ஜே.சி. வைரஸின் அடையாளம் இரத்தத்தில் இருத்தல், மருந்தை ஈராண்டுகளுக்கு மேற்பெறுதல், முன்னரே எதிர்ப்பாற்றலை ஒடுக்கும் பிற மருந்துகளை உண்டிருத்தல் ஆகிய மூன்றும் கூடிய இடத்தில் அபாயம் மிகுதி. வைரஸின் அடையாளமே இல்லாதார்க்கு மிகக் குறைவு. இவ்வாறு எவர்க்கு ஏற்கும், எவர்க்கு ஏலாது எனப் பகுத்தறியும் முறை பிறந்தது. இம்மருந்தைத் தாமாகத் திடீரென நிறுத்தினால் நோய் சீறியெழுதலும் உண்டு. ஆதலின் அச்சமும் ஓர் அபாயமேயாகும்.

எல்லா மருந்துகளும் இவ்வாறு மீளவில்லை. 2016-ல் இசைவு பெற்ற டாக்லிசுமாப், கல்லீரற் கேடும் கடும் மூளையழற்சியும் விளைத்தமையால் 2018-ல் உலகெங்கணும் விலக்கப்பட்டது. கேம்பிரிட்ஜில் தோன்றிய அலெம்டுசுமாப் நோயை வலிதாக அடக்கும். ஆயினும் தைராய்டு நோயும் இரத்தத் தட்டணுக் குறைவும் பின்னர் எழக்கூடுமாகலின், கடைசி மருந்தேற்றத்திற்குப் பின் நான்காண்டுகள் திங்கள்தோறும் இரத்தம் சோதித்தல் விதியாயிற்று.

நம் நாட்டில் இந்நோய்க்குப் பரவலாக வழங்கும் எதிர்ப்பொருள் ரிடுக்சிமாப் ஆகும். 1997-ல் நிணநீர்ப் புற்றுநோய்க்கென வந்த இது, பி-அணுக்கள் எனப்படும் ஒருவகை வெள்ளணுக்களை நீக்குகின்றது. 2007-ல் ஹைதராபாத்தின் டாக்டர் ரெட்டீஸ் நிறுவனம் இதற்கு நிகரான மருந்தைச் செய்து குறைந்த விலைக்கு விற்கத் தலைப்பட்டது. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸுக்கென்று தனி இசைவு பெறாதிருந்தும், பயன் கண்டு மருத்துவர் இதனை வழங்கிவந்தனர். 2023-ல் உலக சுகாதார நிறுவனம் இந்நோய்க்குரிய இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் இதனையும் சேர்த்தது. இதன் இனத்தைச் சேர்ந்த ஒக்ரெலிசுமாப் 2017-லும், ஒஃபாடுமுமாப் 2020-லும் இந்நோய்க்கு அமெரிக்காவில் இசைவு பெற்றன.

பி-அணுக்களை நீக்கும் இம்மருந்துகளுக்கும் காவல் வேண்டும். உடலில் அடங்கிக் கிடக்கும் ஹெபடைடிஸ்-பி கிருமி இவற்றால் விழித்தெழக்கூடும். எனவே அச்சோதனை முன்னரே செய்யப்படல் வேண்டும். காசநோய் பரவிய நம் நாட்டில் அதனையும் ஆராய்ந்து தெளிதல் நலம். மருந்து தொடங்கியபின் இடும் தடுப்பூசிகள் போதிய பயன் தாரா. ஆகவே அவற்றை முன்கூட்டியே இட்டுக்கொள்ளுதல் அறிவுடைமை. முதன்முறை மருந்தேற்றும்போது நடுக்கமும் காய்ச்சலும் தோன்றலாமாதலின், மருத்துவமனையிலேயே மெதுவாக ஏற்றுவர். பின்னர்க் காய்ச்சலோ இருமலோ கண்டால் அதனை எளிதாக எண்ணலாகாது.

இவை அனைத்தினும் முற்பட்டது நோயைச் சரியாக அறிதல். நியூரோமயலைட்டிஸ் ஆப்டிகா என்னும் வேறொரு நோய் இதனைப் போலவே கண்ணையும் தண்டுவடத்தையும் தாக்கும். அதற்குரிய எதிர்ப்பொருட் சோதனை 2004 முதல் அறியப்பட்டது. அந்நோயாளிக்கு நடாலிசுமாப் அளித்தால் துன்பம் மிகும். மருந்து எத்துணை நுண்ணியதாயினும், நோயைப் பிழைபட அறிந்தார் கையில் அது பிழைபட்டே பாயும்.

கடலூரிலோ சிதம்பரத்திலோ வாழும் இளையார் ஒருவர்க்கு ஒரு கண் திடீரென மங்கிச் சில வாரங்களில் தெளிகின்றது எனக் கொள்வோம். 'தெளிந்துவிட்டதே' என்று வாளாவிருத்தல் முதற்பிழை. நோயின் பெயரறிந்த பின்னும் மருந்தின் தீமைகளை மட்டும் கேட்டு அஞ்சி ஒதுங்குதல் இரண்டாம் பிழை; அரித்தழிந்த நரம்பைப் பின்வரும் மருந்து மீட்டுத்தாராது. நலம் பெற்றோம் என்று சோதனைகளை விட்டொழித்தல் மூன்றாம் பிழை. புதுச்சேரி ஜிப்மருக்கும் சென்னைக்கும் செல்லும் வழி அருமையானதன்று. முறை தவறாது சென்றுவரும் உறுதியே அருமையானது.

அனுமன் கொணர்ந்த மலையினின்று மூலிகையைப் பிரித்தெடுக்க மாந்தர் கற்றுக்கொண்டனர். அம்மூலிகைக்குக் காவல் நிற்கவும் கற்றலே மருத்துவத்தின் மற்றொரு பாதி. ஔஷதகிரியின் படிகளில் அடுத்தமுறை ஏறுங்கால் இதனை நினைவுகூர்வோமாக.