கண்ணுக்கு வேலை சொல்லிவிட்டுத் தேடுங்கள்

ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியின் இன்ஸ்பெக்‌ஷன் டேபிளில் ஏழு வருஷம் உட்கார்ந்திருந்தேன். ட்யூப் லைட்டுக்குக் கீழே ஒவ்வொரு பாகமாகத் திருப்பித் திருப்பிப் பார்த்து, கோளாறு இருந்தால் சிவப்பு டப்பாவில் போட வேண்டும். ஒரு மாதம், கீறல் கண்டுபிடிப்பவர்களுக்குத் தனி இன்சென்டிவ் என்றார்கள். அந்த மாதம் மயிரிழைக் கீறல்கூட எங்களிடம் தப்பவில்லை. ஓரத்தில் துருத்திக்கொண்டு நின்ற பிசிறுதான் கொத்துக்கொத்தாக வெளியே போய்விட்டது. எதற்குக் காசோ அங்கேதான் கண் போகும் என்று அன்றைக்குப் புரிந்தது. வேலையை விட்ட பிறகு அந்தப் பாடம் வீட்டிலும் உதவுகிறது.

1. "ரூமை ஒழுங்கு பண்ணு" என்றால் பிள்ளைகள் நடுவில் நின்று விழிப்பார்கள். "தரையில கிடக்கிற துணியை மட்டும் எடு" என்று சொல்லிப் பாருங்கள். கட்டிலுக்கு அடியில் கிடக்கும் சாக்ஸ்கூட வந்துவிடும். அது முடிந்ததும் புத்தகம், அப்புறம் பேனா, பென்சில். 1960களில் யார்பஸ் என்ற ரஷ்ய விஞ்ஞானி, ரெபின் வரைந்த ஓர் ஓவியத்தைக் காட்டிப் பார்ப்பவரின் கண் எங்கெங்கே போகிறது என்று பதிவு செய்தார். படத்தில் இருப்பவர்களுக்கு என்ன வயது என்று கேட்டால் கண் முகங்களில் நின்றது. வசதியான குடும்பமா என்று கேட்டால் துணிமணிக்கும் மேஜை நாற்காலிக்கும் போனது. படம் ஒன்றுதான், கேள்விக்குக் கேள்வி கண்ணின் வழி மாறியது.

2. வண்டிச் சாவியில் பளிச்சென்று ஒரு பச்சை ரிப்பன் கட்டிவிடுங்கள். தொலைந்தால் "பச்சை ரிப்பன், பச்சை ரிப்பன்" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே தேடுங்கள். வீட்டில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

3. பருப்பில் கல் பொறுக்குவது. இப்போது வரும் பாக்கெட் பருப்பில் கல் குறைவு, ஆபத்தே அதுதான். எப்போதாவது வரும் பொருளைக் கண் சீக்கிரமே தேடுவதை நிறுத்திவிடும். ஒரு கல் கிடைத்துவிட்டால் "ஆச்சு" என்று அலட்சியமும் வந்துவிடும். பல விமான நிலையங்களில் பை ஸ்கேன் பார்க்கிறவர்கள் அசந்துவிடாமல் இருக்க, நடுநடுவே பொய்யாக ஒரு துப்பாக்கிப் படத்தைத் திரையில் நுழைப்பார்கள். அதே வித்தையை முறத்திலும் செய்யலாம். அரைக் கிலோ துவரம்பருப்பில் எண்ணி ஐந்து மிளகைக் கலந்து, பெண்ணிடம் கொடுத்து, "அஞ்சையும் எடுத்துத் தா, கூடவே கல்லையும்" என்று சொல்லுங்கள். நாலு மிளகோடு வந்தால் இன்னொரு தடவை பார்க்க வேண்டும் என்று அவளுக்கே தெரியும். பருப்பை மெல்லிசாகப் பரப்ப வேண்டும். குவியலாக இருந்தால் எந்தக் கண்ணும் உதவாது. நைட் ஷிஃப்ட் முடித்து வந்தவரிடம் முறத்தைக் கொடுக்காதீர்கள்.

4. அதிகாலை ஏ ஷிஃப்டுக்குப் போகிறவர்கள் வீட்டில் இருந்தால் இதைக் கட்டாயம் சொல்லுங்கள்: கம்பெனி பஸ்ஸைத் தேடும் கண்ணோடு ஹைவேயைக் கடக்கக் கூடாது. மார்கழி மூடுபனியில் பஸ் ஹெட்லைட்டை மட்டுமே பார்த்துக்கொண்டு கால் வைப்பார்கள். சர்வீஸ் ரோட்டில் எதிர்த்திசையில் வரும் பைக், கண் முன்னால் வந்தும் தெரியாது. 2013இல் வெளியான ஓர் ஆய்வில், நுரையீரல் ஸ்கேனில் கட்டி தேடும் 24 ரேடியாலஜிஸ்டுகளுக்கு, கட்டியைப்போல் 48 மடங்கு பெரிய கொரில்லா படத்தை ஸ்கேனுக்குள் ஒட்டிக் கொடுத்தார்கள். 20 பேர் அதைக் கவனிக்கவில்லை. டாக்டர் கண்ணுக்கே அப்படி என்றால் அரைத் தூக்கத்தில் டிஃபன் பாக்ஸோடு ஓடுகிறவரைச் சொல்லவா? முதலில் ரோடு, கடந்த பிறகு பஸ்.

5. மொபைலில் சிவப்புப் புள்ளி தெரிந்தால் கை தானாகப் போகிறதா? அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில், குறிப்பிட்ட நிற வட்டத்தைக் கண்டுபிடித்தால் சில்லறைக் காசு என்று ஆட்களைப் பழக்கினார்கள். பிறகு காசை நிறுத்தி, வேறு வேலை கொடுத்தார்கள். அப்போதும் பழைய காசு நிறம் எதிரில் வந்தால் வேலை தாமதமானது. 2011இல் வெளியான ஆய்வு இது. சிவப்புப் புள்ளியின் இழுப்பைக் குறைக்க, போன் செட்டிங்ஸில் திரையைக் கருப்பு வெள்ளையாக்கலாம். படிக்கிற பிள்ளை இருக்கும் வீட்டில் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் அப்படி வைத்துப் பாருங்கள்.

6. மாம்பழம் வாங்கப் போகும்போது "மஞ்சளா இருக்கா" என்று தேடினால் ஏமாறுவீர்கள். கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைப்பது சட்டப்படி தடை என்றாலும், கண் கேட்கிற நிறத்தைக் கொடுக்க வழி தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். மல்கோவா பழுத்தாலும் பச்சை ஓடும். செந்தூராவின் சிவப்புக் கன்னம் மட்டும் பழுத்ததற்குச் சாட்சி ஆகாது. காம்புப் பக்கம் மூக்கை வைத்து வாசனை பிடித்துவிட்டு, அப்புறம் நிறத்தைப் பாருங்கள்.

7. வீட்டுப்பாடம் முடித்தால் மாம்பழம் என்று சொல்லிவிட்டு, நறுக்கிய துண்டுகளைப் புத்தகத்துக்குப் பக்கத்திலேயே வைக்காதீர்கள். கணக்கில் ஒரு கண், தட்டில் ஒரு கண் என்று நோட்டில் தப்புத்தான் மிஞ்சும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் வால்டர் மிஷல் என்ற உளவியலாளர், காத்திருந்தால் இன்னும் நல்ல தின்பண்டம் என்று குழந்தைகளிடம் சொல்லிச் சோதித்தார். பண்டம் கண்ணில் படாமல் இருந்தபோது அவர்கள் அதிக நேரம் பொறுத்தார்கள். 1970இல் வெளியானது அந்த ஆய்வு. எங்கள் வீட்டுப் பழக்கூடையின் மேல் ஒரு சாக்கைப் போட்டு மூடி வைத்தேன். பிள்ளைகள் அடங்கிவிட்டார்கள். சாக்கை ஓரமாகத் தூக்கிப் பார்ப்பவர் இப்போது என் மாமனார் ஒருவர்தான்.