ஃப்ரீயாக வரும் ஆட்டக்காரர்

அன்புள்ள தம்பிக்கு,

கால்பந்து கிளப்பில் ஆட்டக்காரர்களைத் தேர்வு செய்யும் குழுவில் சேர்ந்துவிட்டாய் என்ற செய்தி மனதுக்கு நிறைவாக இருந்தது. ஜூனில் ஒப்பந்தம் முடியும் ஆட்டக்காரர்களின் பட்டியலைத்தான் முதல் வேலையாகக் கொடுத்திருக்கிறார்களாமே. அதைப் பிரிப்பதற்கு முன்பு, உங்கள் அணியில் எந்த இடம் காலி, அங்கே பயிற்சியாளர் என்ன ஆட்டம் எதிர்பார்க்கிறார் என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள். பெயர்களைப் பிறகு பார்க்கலாம். பெரிய பெயர் முதலில் கண்ணில் பட்டுவிட்டால், அதற்கேற்ற காரணங்களை மனம் தானாகவே தேட ஆரம்பித்துவிடும்.

போஸ்மன் வழக்கில் 1995 டிசம்பரில் வந்த தீர்ப்புக்குப் பிறகு, ஐரோப்பாவில் ஒப்பந்தம் முடிந்தவருக்காகப் பழைய கிளப் டிரான்ஸ்ஃபர் தொகை கேட்க முடியாது. இப்படி ஃப்ரீயாக ஆட்டக்காரர்களைச் சேர்க்கும் வழியை இத்தாலியின் யுவென்டஸ் அளவுக்கு நம்பிய பெரிய கிளப்புகள் குறைவு. லாபம், நஷ்டம் இரண்டையும் அங்கேயே படித்துவிடலாம்.

2011-இல் மிலான் விட்டுவிட, யுவென்டஸுக்கு ஃப்ரீயாக வந்த பிர்லோவுக்கு வயது 32. யுவென்டஸ் தொடர்ந்து இரண்டு ஆண்டு ஏழாம் இடத்தில் முடித்திருந்தது. புதிதாகப் பயிற்சியாளராக வந்த கோன்டே, ஓடிப் பந்தைப் பறிக்கும் வேலையை விடாலுக்கும் மார்கிசியோவுக்கும் கொடுத்து, பிர்லோவைப் பின்னாலிருந்து ஆட்டத்தை நடத்த விட்டார். அந்தப் பருவத்தில் லீகில் ஒரு தோல்வியும் இல்லை. பிர்லோ இருந்த நான்கு பருவமும் பட்டம் அவர்களுக்கே. 2012-இல் மான்செஸ்டர் யுனைடெடிலிருந்து 19 வயது போக்பா அதே போல வந்தார். 2016-இல் அதே யுனைடெடுக்கே 10.5 கோடி யூரோவுக்கு விற்றார்கள். இளம் வயதில் ஃப்ரீயாக வருபவரிடம் மட்டும்தான் இப்படியொரு மறுவிற்பனை இருக்கிறது.

இனி ராம்ஸியின் கதை. அதை நிதானமாகப் படி. எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டத்தில் இருமுறை ஆர்சனலுக்கு வெற்றி கோல் அடித்தவர். திறமையில் எந்தக் குறையும் சொல்ல முடியாது. கடைசி ஆறு மாதத்தில் வேறு கிளப்போடு பேசி முடித்துக்கொள்ள விதி இடம் தருகிறது. 2019 பிப்ரவரியில் அவரும் அப்படி யுவென்டஸோடு கையெழுத்திட்டார். ஏப்ரலில் நாபோலிக்கு எதிரான ஆட்டத்தில் தொடைத்தசை காயம், அதோடு அந்தப் பருவம் முடிந்தது. அவர் யுவென்டஸில் போய்ச் சேர்ந்தபோது கையெழுத்து வாங்கிய காலத்துப் பயிற்சியாளர் அல்லெக்ரி அங்கே இல்லை. சாரி வந்திருந்தார், மறு ஆண்டு அதே பிர்லோ பயிற்சியாளரானார், அதற்கடுத்து மறுபடி அல்லெக்ரி. எவருடைய திட்டத்திலும் ராம்ஸிக்கு நிலையான இடம் அமையவில்லை. கடைசியில் ரேஞ்சர்ஸுக்குக் கடனாக அனுப்பி, 2022-இல் ஓராண்டு மிச்சமிருக்கும்போதே ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டார்கள்.

டிரான்ஸ்ஃபர் தொகை மிச்சம் என்று கணக்குப் பிரிவு சொல்லும். அந்தப் பணம் கையெழுத்துத் தொகையாக, ஏஜென்ட் கமிஷனாக, கூடுதல் சம்பளமாக வேறு வாசல் வழியே வெளியே போயிருக்கும். அதிலும் சம்பளம்தான் கிளப்பின் கையைக் கட்டிப்போடுகிறது. அதே சம்பளத்தைக் கொடுக்க இன்னொரு கிளப் முன்வராவிட்டால், ஆடாத ஆட்டக்காரரைக்கூட அனுப்ப வழியில்லை. புதிதாக வந்தவருக்கு இவ்வளவா என்று பழைய ஆட்டக்காரர்களின் ஏஜென்ட்டுகளும் ஒவ்வொருவராக வந்து உட்காருவார்கள். அதனால் 30-ஐ நெருங்குபவருக்கு நான்கு ஆண்டு கேட்டால் இரண்டு என்று சொல்; ஆடிய ஆட்டத்துக்கு ஏற்ப ஏறும் சம்பளம் கேள்.

இன்னொன்று, பட்டியலில் இருப்பவர்களும் தவித்துக்கொண்டுதான் இருப்பார்கள். ஸ்பெயினின் முதல் தேர்வு கோல்கீப்பராக இருந்த டே ஹேயா, 2023-இல் ஒப்பந்தம் முடிந்து ஒரு முழுப் பருவம் கிளப் இல்லாமல் இருந்துவிட்டுத்தான் ஃபியோரென்டினாவில் சேர்ந்தார். பெயர் தெரியாதவர்களின் நிலையை யோசித்துப் பார். வேண்டாம் என்று நீங்கள் முடிவெடுத்த அன்றே அவர்களுக்குச் சொல்லிவிடு. வேறு கிளப் கதவைத் தட்ட அவர்களுக்கு நாள் வேண்டும்.

அன்புடன்,
உன் அண்ணன்