நேர்முகத் தேர்வு: நிறையைச் சொல்லுதலும் மிகையைச் சொல்லுதலும்

நேர்முகத் தேர்வுக்குச் செல்பவர் தமது திறமைகளை முன்வைப்பது இயல்பானதே. தேர்வாளர்களும் அதனையே எதிர்பார்க்கின்றனர். எனினும், உள்ளதைச் சிறப்பாகச் சொல்வது வேறு. இல்லாததை உண்டென்று சொல்வது வேறு.

சட்டம் கூறுவது

ஆதாயம் பெறும் நோக்குடன், பொய்யென்றோ பொய்யாக இருக்கலாமென்றோ அறிந்து, நேர்மையற்ற முறையில் ஒரு கூற்றை முன்வைப்பது 2006ஆம் ஆண்டின் மோசடிச் சட்டப்படி குற்றமாகும். இல்லாத பட்டங்களையும் அனுபவத்தையும் காட்டி, சமர்செற்றில் அந்திமகாலப் பராமரிப்பு இல்லமொன்றின் தலைமைப் பதவியைப் பெற்ற ஒருவருக்கு 2017இல் இரண்டு ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அவர் பல ஆண்டுகள் அப்பணியைத் திறம்படச் செய்தவரே. ஆயினும், அவரிடமிருந்து 96,737 பவுண் பறிமுதல் செய்யப்படுவது சரியென்று 2022இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

பெரும்பாலான பொய்கள் நீதிமன்றம் வரை செல்வதில்லை. ஆனால், அவை வெளிப்படும் நாளில் வேலை பறிபோகலாம்.

மிகை தோன்றும் இடங்கள்

பதவிப் பெயர்: கடையில் பணிபுரிந்த ஒருவர், "நான் முகாமையாளர்" என்கிறார். "எத்தனை பேருக்குப் பணிநேர அட்டவணை தயாரித்தீர்கள்?" என்ற அடுத்த வினாவிலேயே தடுமாறுகிறார். உண்மையில், முகாமையாளர் வராத நாட்களில் கடையைத் திறந்து, கணக்கை முடித்து, புதியவர் இருவருக்குப் பயிற்சியும் அளித்தவர் அவர். அதனை அவ்வாறே சொல்லியிருந்தால், பதவிப் பெயரைவிட வலுவாக இருந்திருக்கும்.

கல்வி: போரினாலும் இடப்பெயர்வினாலும் படிப்பை முடிக்க இயலாதவர்கள் நம்மிடையே பலர். "இரண்டு ஆண்டுகள் பயின்றேன், முடிக்க இயலவில்லை" என்று சொல்வதில் இழிவேதுமில்லை. "பட்டதாரி" என்று சொல்வதிலேயே ஆபத்து உள்ளது.

அடக்கமும் தடையாகலாம்

தாமே செய்த வேலையையும் "நாங்கள் செய்தோம்" என்று சொல்வது நம் வழக்கம். தேர்வாளர் புள்ளியிடுவது உங்கள் பங்குக்கு மட்டுமே. எனவே, நீங்கள் செய்ததை "நான் செய்தேன்" என்று சொல்வது தற்பெருமையன்று.

பயிற்சி

உங்கள் விண்ணப்பத்திலுள்ள ஒவ்வொரு கூற்றையும் எடுத்து, பின்வரும் வினாக்களுக்கு விடை எழுதுங்கள்:

1. நிலைமை என்ன?
2. என் பொறுப்பு என்ன?
3. நான் செய்தது என்ன?
4. விளைவு என்ன?

விடை எழுத முடியாத கூற்றை நீக்கிவிடுங்கள். செய்து பழகாத வேலையைப் பற்றிக் கேட்டால், "இதனை இதுவரை செய்ததில்லை, இதற்கு நெருங்கிய இன்ன வேலையைச் செய்துள்ளேன்" என்று சொல்லுங்கள். அந்த விடையை எவரும் பின்னாளில் பொய்யென்று காட்ட முடியாது.