இதயம் வரையும் கோடு

நாம் உறங்கும்பொழுதும் உறங்காது உழைக்கும் உறுப்பு இதயம். ஒரு நாளில் அஃது ஏறத்தாழ ஓர் இலட்சம் முறை துடிக்கின்றது. மருத்துவர்கள் நாடியைத் தொட்டும், மார்பில் செவி வைத்தும் அதன் நிலையை உணர்ந்து வந்தனர். ஆயினும், நெஞ்சக்கூட்டினுள் மறைந்துள்ள அவ்வுறுப்பின் செயலை, உடலைக் கீறாமல் நுட்பமாக அளந்தறியும் வழியை நெடுங்காலம் அறிந்திலர். அவ்வழியைக் காட்டியது மின்சாரமே.

இத்தாலி நாட்டுப் பொலோனா நகரில் வாழ்ந்த கால்வானி என்னும் அறிஞர், இறந்த தவளையின் கால்களைக்கொண்டு பல சோதனைகள் செய்தார். இரு வேறு உலோகங்கள் நரம்பையும் தசையையும் தீண்டியவுடன் உயிரற்ற கால் துள்ளியது! இதனை அவர் 1791-ஆம் ஆண்டில் வெளியிட்டார். தசை சுருங்குங்கால் அதனிடத்துச் சிறிதளவு மின்சாரம் தோன்றுகின்றது என்பதனைப் பின்வந்தோர் கண்டறிந்தனர். இதயமும் ஒரு தசையே அன்றோ? எனின், அதன் மின்சாரத்தையும் அளக்கலாமே!

1887-ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் வாலர் என்னும் உடலியல் அறிஞர் இதனைச் செய்து காட்டினார். நுண்ணிய கண்ணாடிக் குழாயினுள் நின்ற பாதரசம், மாந்தரின் இதயத் துடிப்புக்கேற்ப அசைந்தது. அவர் தம் வளர்ப்பு நாயாகிய ஜிம்மியின் கால்களை உப்புநீரில் நிறுத்தியும் இதனை விளக்குவார். அந்நாய் கொடுமைக்கு உள்ளாயிற்றோ என 1909-ஆம் ஆண்டில் ஆங்கில நாட்டுப் பாராளுமன்றத்தில் வினா எழுந்தது. அது நின்றது வெறும் உப்புக் கலந்த நீரிலேயே என அமைச்சர் விடையளித்தார்.

பாதரசம் கனமுடையது, விரைந்து அசையாது. ஆதலின், அது காட்டிய கோடு இதயத்தின் செயலை உள்ளவாறு காட்டவில்லை. ஆலந்து நாட்டு லைடன் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஐந்தோவன், அப்பிழையைக் கணக்கிட்டுத் திருத்துவதில் பல ஆண்டுகள் உழைத்தார். அதனாலும் மனநிறைவு பெறாது, புதிய கருவி ஒன்றையே படைக்கத் துணிந்தார்.

கைவிளக்கின் மின்கலம் ஒன்றில் 1½ வோல்ட்டு அழுத்தம் உண்டு. உடலின் மேற்பரப்பில் கிடைக்கும் இதய மின்னழுத்தமோ, ஒரு வோல்ட்டில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கே. அத்துணைச் சிறிய ஆற்றலுக்கும் அசையவல்ல இழை வேண்டுமே! உருகிய படிகக்கல்லை அம்பொன்றில் பிணித்து எய்தால், அது மிக மெல்லிய இழையாக நீளும். அவ்விழைக்கு வெள்ளி பூசி, வலிய காந்தத்தின் இரு முனைகளுக்கிடையே ஐந்தோவன் கட்டினார். மின்சாரம் பாய்ந்ததும் இழை அசைந்தது. அதன் நிழல் பெருக்கப்பட்டு, நகரும் ஒளிப்படத் தகட்டில் கோடாகப் பதிந்தது. அக்கோட்டின் மேடுபள்ளங்களுக்கு அவர் பி, கியூ, ஆர், எஸ், டி எனப் பெயரிட்டார். இதயத்தின் மேலறைகள் சுருங்கத் தொடங்குவதைப் ‘பி’ காட்டும். கீழறைகள் சுருங்கத் தொடங்குவதை அடுத்த மூன்றும் காட்டும். அவை மீண்டும் பழைய நிலையை அடைவதை ‘டி’ காட்டும்.

அக்கருவியின் எடையோ ஏறத்தாழ 270 கிலோகிராம்! அதனை இயக்க ஐவர் வேண்டும். மருத்துவமனையோ ஒன்றரைக் கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. நோயுற்றோர் ஆய்வுக்கூடத்திற்கு வருதல் அரிது. கருவி அவர்களிடம் செல்லுதல் அதனினும் அரிது. ஐந்தோவன் சோர்ந்தாரல்லர். 1905-ஆம் ஆண்டில், தொலைபேசிக் கம்பியின் வழியாக அவர்களின் இதய மின்சாரத்தையே ஆய்வுக்கூடத்திற்கு வரவழைத்தார்! நோயாளர் தம் கைகளையும் ஒரு காலையும் உப்புநீர்க் கலங்களில் வைத்து அசையாது அமர்ந்திருப்பர். ஏன் அசையலாகாது? கைகால் தசைகளும் மின்சாரம் தோற்றுவிப்பன. அவை நடுங்கின், அந்நடுக்கமும் கோட்டிற் கலந்து இதயத்தின் செய்தியை மறைத்துவிடும்.

இவ்வரைபடம் மருத்துவமனைகளில் பரவலாகப் பயன்படும் என வாலரே 1911-ஆம் ஆண்டிலும் கருதினாரல்லர். ஐந்தோவனோ 1924-ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றார். இன்று அக்கருவி கையில் எடுத்துச் செல்லுமளவு சிறுத்துவிட்டது. நள்ளிரவில் மார்புவலியால் துடிப்பவருக்கு நேர்ந்தது மாரடைப்போ என ஆராயும் மருத்துவர், முதலில் நாடுவது இக்கோட்டினையே. கருவி மாறினும், ஐந்தோவன் இட்ட ஐந்து எழுத்துகள் மாறவில்லை. ஒரு நூலிழையின் அசைவைப் பொறுமையுடன் நோக்கிய ஒருவரின் உழைப்பு, எண்ணற்றோர் உயிரைக் காத்து நிற்கின்றது.