கராம்பும் அஸ்பிரினும்

பல்நோவெடுத்த இரவில் அன்னையார் கராம்பொன்றை நசுக்கிப் பல்லிடுக்கில் வைக்க, சற்றைக்கெல்லாம் அவ்விடம் மரத்துப்போனமை மாத்தளையில் வளர்ந்த எம்மிற் பலர்க்கு நினைவிருக்கும். மரக்கச்செய்யும் அப்பொருள் யூஜினோல். கராம்பெண்ணெயின் பெரும்பகுதி அதுவே.

நோவுக்கு மற்றொரு மருந்து அஸ்பிரின். 1897 ஆம் ஆண்டிலே ஜேர்மனியின் பேயர் நிறுவனத்திற் பீலிக்ஸ் ஹொஃப்மன் சலிசிலிக் அமிலத்தை அசற்றைலேற்றி அதனைத் தூய்மையாகப் பெற்றார். அமிலத்தின் கொடுமை தணிந்ததேயன்றி ஒழிந்திலது. இன்றும் அதனை நெடுநாள் உண்போர் சிலர்க்கு இரைப்பை புண்ணாகிக் குருதி கசிகின்றது.

இவ்விரண்டையும் பிணைத்தால் என்ன? சீன தேசத்து லான்சோ நகர ஆராய்ச்சியாளர் அவ்வாறே செய்தனர். அஸ்பிரினின் காபொட்சிற் கூட்டமும் யூஜினோலின் ஐதரொட்சிற் கூட்டமும் இணைய, நீர் மூலக்கூறொன்று நீங்கிய கணக்கில் ஓர் எசுத்தர் உண்டாகின்றது. மூலக்கூற்றுத் திணிவு 180 உம் 164 உம் சேர்ந்து 344. நீரின் 18 போக எஞ்சுவது 326. இரைப்பையை உறுத்தும் அமிலமுனை இதனால் மூடப்படுகின்றது. பரக்குவாட் என்னும் களைநாசினியால் ஈரல் கெட்ட எலிகளில் இவ்வெசுத்தர் ஒட்சியேற்றக் கேட்டைக் குறைத்ததாகவும் அவர்கள் கண்டனர்.

இங்கே மாணவர் ஐயுறவேண்டிய இடமொன்றுண்டு. எம்முடலில் ஒட்சிசன் பயன்படும் வழியிற் சோடியில்லா இலத்திரன் கொண்ட சுயாதீன மூலிகங்கள் தோன்றி உயிரணுக்களை அரிக்கின்றன. யூஜினோல் தன் ஐதரொட்சிற் கூட்டத்து ஐதரசனை ஈந்து அவற்றை அடக்கும். அதனாலேயே அதனை ஒட்சியேற்ற எதிரி என்கிறோம். எசுத்தரிற் கட்டுண்டு கிடப்பதோ அதே ஐதரொட்சில்! ஈயும் கையைக் கட்டிவிட்டு ஈகையை எதிர்பார்ப்பது எங்ஙனம்?

விடை உடலினுள்ளே உள்ளது. அங்குள்ள நொதியங்கள் எசுத்தரைப் பிளக்க, யூஜினோலும் சலிசிலிக் அமிலமும் மீண்டும் வெளிப்படுகின்றன. ஆகவே ஊதா நிறக் கரைசல் மஞ்சளாவதைக்கொண்டு ஒட்சியேற்ற எதிர்ப்பை அளக்கும் ஆய்வுகூடச் சோதனையிலே தனி யூஜினோல் முந்துதல் இயல்பே. அதுகொண்டு எசுத்தரைத் தாழ்வென்று தள்ளுவாரும், குடுவையில் நிறம் மாறிற்றென்று ஏதேனும் ஒன்றை அருமருந்தெனப் புகழ்வாரும் ஒரே பிழையையே செய்கின்றனர். பின்னவர் தொகை பெரிது. வாசனைத் திரவியம் விற்குமிடங்களில் அவர்தம் குரலை நாம் கேட்டதுண்டு.

நாமறிந்த இச்சோதனைகள் விலங்குகளிலும் உயிரணுக்களிலும் நடந்தவை. வீட்டிலே கராம்பெண்ணெயில் அஸ்பிரினைக் கலப்பதால் இவ்வெசுத்தர் உண்டாகாது. அது வெறுங் கலவை. மேலும், கராம்பெண்ணெயை அளவின்றி விழுங்கினால் ஈரல் கெடும். டெங்கெனச் சந்தேகிக்கும் காய்ச்சலில் அஸ்பிரினைத் தொடவே கூடாது. குருதிச் சிறுதட்டுக்கள் ஏற்கெனவே குன்றும் அந்நோயில், எஞ்சியவற்றின் தொழிலையும் அது தடுத்துக் குருதிப்பெருக்கை மிகுவிக்கும்.